நடிகையும் நட்சத்திரக் குறிகளும்

ஜூன் மாதத்துத் தில்லியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலை ஆனால் வானம் செம்மண் நிறத்துக்கு மாறும். புழுதிக் காற்று எழும்பிவிட்டால் எதிர் வீட்டு மொட்டை மாடி கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு ஜூனில், 1972ஆம் ஆண்டு 14ஆம் தேதி, டோக்கியோவிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று பாலம் விமான நிலையத்தில் இறங்க வந்தது. ஓடுபாதையை எட்டவில்லை. யமுனைக் கரையில் மோதிச் சிதறியது. விமானத்தில் இருந்த 87 பேரில் 82 பேர் மாண்டார்கள். கரையில் தங்கள் பாட்டுக்கு இருந்த சிலரும் இறந்தார்கள். விமானிகளின் தவறு என்றது இந்திய விசாரணை. தரையிலிருந்து வந்த சமிக்ஞைதான் தவறு என்று ஜப்பானியர்கள் வாதிட்டார்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் வழக்கமாக நடக்கும் சச்சரவுதான்.

இறந்தவர்களில் ஒருவர் 27 வயதுப் பிரேசில் நடிகை. பெயர் லெய்லா டினிஸ். நமக்கு அது ஒரு பட்டியலில் வரும் அந்நியப் பெயர். பிரேசிலில் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் 'எந்த லெய்லா?' என்று கேட்பதில்லை. அவர் மகா நடிகை என்பதனால் அல்ல. அவரது படங்களில் பலவற்றை இன்று அங்கேயே அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பின் ஏன்? தில்லிக்கு அருகில் முடிந்துபோன அந்த வாழ்க்கையைத் தில்லிவாசியான நான் அறிந்துகொண்டது மிகத் தாமதமாகத்தான். அறிந்தபின், யமுனைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.

லெய்லா 1945 மார்ச் 25 அன்று ரியோ டி ஜனீரோவுக்கு எதிர்க்கரையில் உள்ள நிதெரோயில் பிறந்தவர். தகப்பனார் வங்கி ஊழியர், கம்யூனிஸ்ட். பதினைந்து வயது வாக்கிலேயே மழலையர் பள்ளியில் டீச்சர். பதினேழு வயதில் டொமிங்கோஸ் ஒலிவெய்ரா என்ற நாடகக்காரருடன் சேர்ந்து வாழப் போனார். சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு அந்த மனிதர் அவரை வைத்தே ஒரு படம் எடுத்தார். 1966இல் வந்த 'உலகத்துப் பெண்கள் எல்லோரும்' என்ற அந்தப் படம் ஏறக்குறைய ஒரு காதல் கடிதம். பல பெண்களைத் துரத்தும் ஓர் ஆண், ஒருத்தியிடம் வந்து நின்றுவிடுவதுதான் கதை. அந்த ஒருத்தி லெய்லா. கடற்கரைச் சூரியன், வெடிச் சிரிப்பு, எதற்கும் மன்னிப்புக் கேட்காத ஒரு முகம். ரியோ முழுக்க அவர் பின்னால் போயிற்று.

தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். அதில் ஒரு சம்பவம் நம் ஊர் சீரியல் ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1967இல் 'அனஸ்தாசியா' என்ற தொடரில் அவர்தான் கதாநாயகி. பாத்திரங்கள் பெருகிப் பெருகி, யார் யாருக்கு உறவு என்று எழுதியவருக்கே புரியாமல் போக, ஜனெட் கிளேர் என்ற எழுத்தாளரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் ஒரே ஒரு பூகம்பத்தை வரவழைத்து ஏறக்குறைய அத்தனை பாத்திரங்களையும் ஒரே அடியாகக் கொன்று தீர்த்துவிட்டுக் கதையை இருபது ஆண்டுகள் முன்னால் தள்ளினார். நம்மூர்த் தொடர்கள் சிலவற்றைப் பார்க்கும்போது, இங்கே யாருக்கும் இந்த யோசனை தோன்றவில்லையே என்றிருக்கிறது.

ஆனால் திரைக்கு வெளியே அந்த நாடு வேறு மாதிரி பூகம்பத்தில் இருந்தது. 1964 ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், மார்ச் 19 அன்று சாவோ பாலோவில் ஒரு மாபெரும் ஊர்வலம் நடந்தது. குடும்பத்தையும் கடவுளையும் சுதந்திரத்தையும் காப்பாற்றுங்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். முன்னணியில் நின்றவர்கள் பெண்கள், கைகளில் ஜெபமாலை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சர்வாதிகாரம் என்றதும் பூட்ஸ் சத்தம்தான் நம் காதில் கேட்கிறது. பல இடங்களில் அது முதலில் குடும்ப மானத்தின் பெயரால்தான் வாசற்கதவைத் தட்டியிருக்கிறது. திறந்துவிடுகிறவர்களும் வீட்டுக்குள் இருப்பவர்கள்தாம்.

ராணுவ ஆட்சி 21 ஆண்டுகள் நீடித்தது. நமது நெருக்கடி நிலை 21 மாதங்கள். எண்ணில் மட்டும் ஓர் ஒற்றுமை. 1968 டிசம்பர் 13 அன்று ஐந்தாம் எண் நிறுவனச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றம் மூடப்பட்டது. அரசியல் கைதிகளுக்கு ஆட்கொணர்வு மனு இல்லை என்றாயிற்று. பத்திரிகைகளில் தணிக்கை அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். 1969 அக்டோபரில் ஜெனரல் மெடிசி ஜனாதிபதி ஆனார். அந்த 21 ஆண்டுகளில் மிகக் கொடுமையானவை இவருடைய ஆண்டுகள்தாம் என்பதில் இன்று பிரேசிலில் அதிக அபிப்பிராய பேதம் இல்லை.

அந்த மெடிசி பதவிக்கு வந்த அடுத்த மாதம்தான் நமது கதையின் மையமான சம்பவம்.

ரியோவில் 'பாஸ்கிம்' என்று ஒரு வாரப் பத்திரிகை. அதே 1969 ஜூனில் தொடங்கியது. கார்ட்டூனிஸ்டுகளும் குடிகாரர்களும் குறும்புக்காரர்களும் சேர்ந்து நடத்திய கேலிப் பத்திரிகை. நேரடியாக எதிர்க்க முடியாத காலத்தில் சிரித்தே எதிர்த்தார்கள். பத்திரிகை நடத்திய விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 1970 நவம்பரில் அநேகமாக ஆசிரியர் குழு முழுவதையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். நாட்டின் முதல் சக்கரவர்த்தி சுதந்திரம் அறிவிக்கும் புகழ்பெற்ற ஓவியத்தில் அவர் வாயில் ஒரு வேடிக்கைப் பாட்டின் வரியைப் போட்டது குற்றம். கைது என்று அச்சிட முடியாது. ஆகவே ஆசிரியர் குழுவுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று வாசகர்களுக்குச் சொன்னார்கள். வெளியே இருந்த நண்பர்கள் இரண்டு மாதம் இலவசமாக எழுதி இதழ்களைக் கொண்டுவந்தார்கள். எந்தக் காய்ச்சல் என்று வாசகர்களுக்குப் புரிந்தது.

இந்தப் பத்திரிகை 1969 நவம்பரில் தனது 22ஆவது இதழில் லெய்லாவைப் பேட்டி கண்டது. தலையில் துவாலையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு அட்டையில் சிரித்தார். சுற்றிலும் ஆண்கள். அவர்கள் கேட்க, அவர் தன் போக்கில் பதில் சொன்னார். தன் காதல்களைப் பற்றிச் சொன்னார். ஒருவரை நேசித்துக்கொண்டே இன்னொருவருடன் படுக்கைக்குப் போக முடியும், தனக்கு அது நேர்ந்திருக்கிறது என்றார். ரியோ கடற்கரையில் ஆண்கள் பேசுவது போலவே, வாக்கியத்துக்கு வாக்கியம் கெட்ட வார்த்தை போட்டுப் பேசினார்.

பத்திரிகைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கெட்ட வார்த்தைகளை வெட்டவில்லை. ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு நட்சத்திரக் குறியை வைத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். படிக்கிற ஒவ்வொருவரும் தானே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். நாடு முழுக்க ஆண்களும் பெண்களும் உதட்டுக்குள் கெட்ட வார்த்தை முணுமுணுத்துக்கொண்டு ஒரு பேட்டியைப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இதழ் லட்சத்துக்கு மேல் விற்றது.

அரசாங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. 1970 ஜனவரி 26 அன்று 1077ஆம் எண் அவசரச் சட்டம் வெளியாயிற்று. நாம் இங்கே குடியரசு தினம் கொண்டாடிய அதே நாள். ஒழுக்கத்துக்கும் நல்ல பழக்கவழக்கத்துக்கும் விரோதமான புத்தகம், பத்திரிகை, ஒலிபரப்பு எதுவானாலும் வெளிவரும் முன்பே அதிகாரிகள் பார்க்கலாம், தடுக்கலாம் என்றது அது. சட்டத்தின் முன்னுரையைக் கவனிக்க வேண்டும். இத்தகைய வெளியீடுகள் தேசப் பாதுகாப்பைக் குலைக்கும் நாசகாரத் திட்டத்தின் அங்கம் என்று அதில் காரணம் சொல்லப்பட்டிருந்தது. ஆபாசம் அசிங்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தேசத் துரோகம் என்ற அளவுக்குப் போனார்கள். ஒரு பெண் தான் யாருடன் படுத்தேன் என்று சொன்னால் எல்லையில் என்ன ஆபத்து வரும் என்று அந்த ஜெனரல்களைக் கேட்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. சட்டம் போட்டவர்கள் அதற்கு எண் மட்டும் கொடுத்தார்கள். மக்கள் அதற்கு 'லெய்லா டினிஸ் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே ராணுவ ஆட்சியின் காலத்தில்தான், எழுபதுகளில், பிரேசில் சினிமாவில் 'போர்னோஷாஞ்சாடா' என்று ஒரு மலிவு ரகக் காமெடிப் படங்கள் கொட்டகை கொட்டகையாக ஓடின. கால்வாசி நகைச்சுவை, முக்கால்வாசி அரை நிர்வாணம். தணிக்கைக்காரர்கள் அங்கே இங்கே வெட்டினார்கள், சில சமயம் தடுத்தார்கள். ஆனால் அந்தத் தொழில் செழித்தது. அப்படியானால் பெண்ணின் உடம்பு வெளியே தெரிந்தது சர்வாதிகாரிகளுக்குப் பிரச்சினை இல்லை. அதை ஆண் பார்த்தால், காசு கொடுத்துப் பார்த்தால், பொறுத்துக்கொள்ளலாம். அந்த உடம்புக்குச் சொந்தக்காரி வாய் திறந்து, 'இது என்னுடையது, எனக்கு இது பிடிக்கும்' என்று சொன்னபோதுதான் தேசப் பாதுகாப்பு ஆட்டம் கண்டது. பனியன் நனைய ஆடும் கதாநாயகிகளுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி ஒரு நடிகை கருத்துச் சொன்னால் ஊர் ஊராக வழக்குப் போடும் தேசத்தில் இருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல.

பேட்டிக்குப் பின் லெய்லாவின் நாட்கள் சுலபமாக இல்லை. தொலைக்காட்சியில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஒழுக்கம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தீவிரவாத இடதுசாரிகளுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. போலீஸ் தேடியபோது அடைக்கலம் கொடுத்தவர் யார் என்பதுதான் விசித்திரம். பிளாவியோ கவல்கான்டி என்ற தொலைக்காட்சிப் பிரமுகர். பிடிக்காத இசைத்தட்டுகளைக் காமிரா முன்னால் உடைத்துப் பெயர் வாங்கியவர், பழைமைவாதி. அவர்தான் தன் பண்ணை வீட்டில் லெய்லாவை ஒளித்துவைத்தார். தன் நிகழ்ச்சியில் நடுவராக உட்காரவைத்துச் சம்பளமும் கொடுத்தார். கொள்கைகள் ஒரு பக்கமும் மனிதர்கள் ஒரு பக்கமும் நிற்கும் இத்தகைய தருணங்களை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றன.

சினிமா முழுக்கக் கைவிடவில்லை. நெல்சன் பெரெய்ரா டாஸ் சான்டோஸ் போன்ற பெரிய இயக்குநரின் படங்களில் நடித்தார். மேடையில், செத்துக்கொண்டிருந்த பழைய ஆட்டபாட்ட நாடக வடிவத்துக்கு, இறகுத் தொப்பியும் மினுக்கு உடையுமாக, 1970இல் உயிர் கொடுத்தார். உயர்ந்த ரசனைக்காரர்கள் முகம் சுளிக்கும் கலை அது. லெய்லாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

பிறகு அந்தப் புகைப்படம்.

1971இல் அவர் கர்ப்பமானார். குழந்தையின் தந்தை மொசாம்பிக்கில் பிறந்த திரைப்பட இயக்குநர் ரூய் கெர்ரா. இருவரும் சட்டப்படி மணந்தவர்கள் அல்ல. அந்தக் காலத்துப் பிரேசிலில் கர்ப்பிணிகள் கடற்கரைக்குப் போனால் நீச்சலுடையின் மேல் வயிற்றை மறைக்கத் திரைச்சீலை போல ஒரு துணி தொங்கும். லெய்லா பிகினியில் போனார். நிறைமாத வயிறு வெயிலில் பளபளக்க அவர் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. இபனேமாவில் எடுத்த படம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் ரியோ வளைகுடாவில் உள்ள பகெட்டா தீவில் எடுத்தது. பிரேசில் என்றாலே கடற்கரை, பிகினி என்று நினைக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பத்தாண்டுகளுக்கு முன்னால், 1961இல்தான், ஜானியோ குவாட்ரோஸ் என்ற ஜனாதிபதி, அவர் ராணுவக்காரர்கூட அல்ல, கடற்கரையில் பிகினியைத் தடைசெய்திருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறேன். ஏழாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை மணையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையும் கொள்ளாமல் வளையல் அடுக்கி ஊரையே கூட்டிக் காட்டுகிறோம். அதே பெண் அடுத்த நாள் கறிகாய் வாங்கப் போகும்போது முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றிக்கொள்ள வேண்டும். என் சித்தி ஒருத்தி ஐந்து பிள்ளை பெற்றவள். ஒரு முறைகூட மாமனார் எதிரில் நிமிர்ந்து நின்றதில்லை. கேட்டால் திருஷ்டி என்பாள். திருஷ்டி மட்டும்தானா? அந்த வயிறு ஒரு ரகசியத்தின் சாட்சியம். ஊரறியத் தாலி கட்டி, ஊரறியச் சாந்திமுகூர்த்தம் வைத்த பிறகும் அது ரகசியம்! லெய்லாவின் படம் அந்த ரகசியத்தைத்தான் கலைத்தது. கர்ப்பம் என்பது புனிதம் என்று ஒரு பக்கமும், வெட்கம் என்று மறுபக்கமும் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், அது சந்தோஷம் என்று காட்டினார். அந்த நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது.

இவ்வளவும் செய்தவரை அக்காலத்துப் பெண்ணியவாதிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைத்தால் தவறு. ஆண்களின் ஆசைக்குத் தீனி போடுகிறார் என்றார்கள் சிலர். இடதுசாரிகள் முணுமுணுத்தார்கள். தோழர்கள் சித்திரவதைக் கூடத்தில் செத்துக்கொண்டிருக்கும்போது இவர் கடற்கரையில் சிரிக்கிறாரே, பொறுப்பில்லாதவர் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. லெய்லா சட்டத்துக்கு ஆளான அதே 1970 ஜனவரியில் சாவோ பாலோவில் தில்மா ரூசெஃப் என்ற 22 வயதுப் பெண் கைதுசெய்யப்பட்டார். மின்சார அதிர்ச்சி, தலைகீழாகத் தொங்கவிடுதல், எல்லாம் நடந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2011இல், அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி ஆனார். தில்மாவின் துணிச்சலையும் லெய்லாவின் துணிச்சலையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் உயிரைப் பணயம் வைத்தார். மற்றவர் பிழைப்பையும் பெயரையும். ஆனால் அந்த ஆட்சி இரண்டு பேரையுமே ஒரே வார்த்தையால்தான் அழைத்தது: நாசகாரி. எதிரிக்குத் தெரிந்த உறவு தோழர்களுக்குத் தெரியவில்லை.

பேட்டியை அச்சிட்ட பாஸ்கிம் ஆண்களும் பெண்ணுரிமைக்காரர்கள் அல்லர். 1971இல் அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃப்ரீடன் பிரேசிலுக்கு வந்தபோது அதே பத்திரிகை அவரைக் கண்டபடி கிண்டல் செய்தது. அழகாக இருந்து கெட்ட வார்த்தை பேசினால் கொண்டாட்டம். அழகு குறைந்து நியாயம் பேசினால் எள்ளல். சர்வாதிகாரத்தை எதிர்ப்பவன் வீட்டில் ஜனநாயகவாதியாக இருப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. லெய்லா வெள்ளை நிறத்தவர், நடுத்தர வர்க்கம், தெற்கு ரியோவின் கடற்கரைவாசி. அவர் காலையில் கடலுக்குப் போன நேரத்தில் மலைச்சரிவுக் குடிசைகளிலிருந்து இறங்கிவந்து அந்தப் பகுதி வீடுகளில் பாத்திரம் தேய்த்த கறுப்பினப் பெண்ணுக்கு எந்தப் பேட்டியும் எதையும் மாற்றவில்லை. வீட்டு வேலைக்காரர்களுக்கு மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமான உரிமைகள் என்று பிரேசில் அரசியல் சட்டத்தைத் திருத்தியது 2013இல்தான்.

சட்டங்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன. மணமான பெண் வேலைக்குப் போகக் கணவனின் அனுமதி வேண்டும் என்ற விதி 1962 வரை இருந்தது. விவாகரத்து 1977இல் வந்தது. அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்புக் கேட்டு 1975இல் முதலில் இயக்கம் தொடங்கியவர்கள் பெண்கள். 1964இல் ஜெபமாலையோடு நடந்தவர்களின் நாட்டில்தான் இதுவும் நடந்தது. 1985இல் ராணுவம் விலகியது, 1988இன் புதிய அரசியல் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்றது, தணிக்கையை ஒழித்தது.

ஆனால் ஒரு வழக்கைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 1976 டிசம்பர் 30 அன்று ஆங்கெலா டினிஸ் என்ற பெண்ணை அவருடன் வாழ்ந்தவன் சுட்டுக் கொன்றான். இந்த டினிஸுக்கும் நம் லெய்லாவுக்கும் உறவில்லை, பெயர்தான் ஒன்று. 1979இல் நீதிமன்றத்தில் கொலைகாரனின் வக்கீல், செத்தவளின் நடத்தையைக் கூண்டில் ஏற்றினார். மானத்தைக் காத்துக்கொள்ளக் கொன்றான் என்றார். இரண்டு ஆண்டுத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. வெளியே வந்தவனைக் கைதட்டி வரவேற்றவர்கள் இருந்தார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். நேசிப்பவன் கொல்ல மாட்டான் என்பது அவர்கள் கோஷம். 1981இல் மறுவிசாரணை, 15 ஆண்டுச் சிறை. 'மானப் பாதுகாப்பு' என்ற வாதமே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்புச் சொன்னது 2023இல். தன் காதல்களைப் பத்திரிகையில் எண்ணிச் சொன்ன ஒரு பெண் அந்த நாட்டில் எதை எதிர்த்து நின்றார் என்பதை இந்தத் தேதிகள் சொல்லும்.

மிரியம் கோல்டன்பர்க் என்ற மானுடவியலாளர் லெய்லாவைப் பற்றி ஓர் ஆய்வுப் புத்தகம் எழுதியிருக்கிறார். 1995இல் வந்தது. எல்லாப் பெண்ணும் பாதி லெய்லா டினிஸ் என்பது தலைப்பு. தான் புரட்சி செய்கிறேன் என்று லெய்லா எங்கும் பிரசங்கம் செய்யவில்லை என்பது முக்கியமான விஷயம். கொடி பிடிக்கவில்லை, அமைப்பில் சேரவில்லை. ஒளித்துச் செய்வதை ஒளிக்காமல் செய்தார், அவ்வளவே. பிரேசில் பெண்கள் பலர் அதையெல்லாம் முன்பே செய்துகொண்டுதான் இருந்தார்கள், சத்தமில்லாமல், குற்ற உணர்வோடு. அவர் குற்ற உணர்வை மட்டும் கழற்றிவைத்தார். எனக்கு அந்தத் தலைப்பில் 'பாதி' என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. மற்றப் பாதிக்கு மாமியார், மாதச் சம்பளம், பக்கத்து வீடு எல்லாம் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நம் நாட்டு நடிகை ஒருவர் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார். ஸ்நேகலதா ரெட்டி. மதராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1970இல் வந்த 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் சந்திரியாக நடித்தவர். அந்தப் படத்தையே சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடுத்தது. பிறகு தடை விலகித் தேசிய விருதும் வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், பரோடா டைனமைட் வழக்கை ஒட்டிக் கைதானார். பெங்களூர் மத்திய சிறையில் எட்டு மாதம். ஆஸ்துமா நோயாளி. உடல்நிலை மோசமாகி 1977 ஜனவரியில் பரோலில் விட்டார்கள். ஐந்தே நாளில், ஜனவரி 20 அன்று, இறந்தார். சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னால் புத்தகமாக வந்தது. அவரை இன்று நம் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரேசில் தன் நடிகையை நினைவில் வைத்திருக்கும் அளவில் கால்வாசியாவது நாம் வைத்திருக்கிறோமா?

லெய்லாவும் நாட்குறிப்பு எழுதுகிறவர்தான். 1972இல் 'வெறுங்கைகள்' என்ற தன் படத்துக்காக ஆஸ்திரேலியாவில் திரைப்பட விழாவுக்குப் போனார். உடன் போனவர்கள் இன்னும் சுற்றிப் பார்க்கலாம் என்று தங்கினார்கள். வீட்டில் ஏழு மாதக் குழந்தை. அதைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று இவர் மட்டும் முன்கூட்டியே கிளம்பினார். அப்படி ஏறிய விமானம்தான் யமுனைக் கரையில் விழுந்தது. குழந்தையைச் சிறிது காலம் மரியெட்டா செவெரோ என்ற நடிகையும் அவர் கணவரான பாடகர் சிக்கோ புவார்க்கேயும் வளர்த்தார்கள், தகப்பன் பொறுப்பேற்கும் வரை.

உடலை அடையாளம் காண ரியோவிலிருந்து ஓர் உறவினர், வழக்கறிஞர், தில்லிக்கு வந்தார். சிதைவுகளுக்கு நடுவில் அந்த நாட்குறிப்பு அவர் கைக்குக் கிடைத்தது. பயணக் குறிப்புகள், பக்கம் பக்கமாக. கடைசிப் பக்கத்தில் விமானத்தில் ஏதோ நடக்கிறது என்று எழுதத் தொடங்கி, ஒரு சொல்லின் பாதியில் பேனா நின்றுபோயிருந்தது என்று சொல்கிறார்கள். அந்த இடத்தில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை.